அப்பாவைத் தியாகி ஆக்காதீர்கள்

கேள்வி: மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்தோடு ஒட்டியே வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்களேன்?

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் போன அன்று எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் "குடும்பத்துக்காகவே தேஞ்சு போன மனுசன், தனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது. அப்பா தியாகம் எல்லாம் செய்யவில்லைங்க. அவருக்கு வீட்டில் இருப்பது பிடித்திருந்தது, அம்மாவோடு இருப்பது அதைவிடப் பிடித்திருந்தது. பிடித்ததைச் செய்தவரைப் பார்த்து "பாவம்" என்று சொன்னால் எப்படி?

தாத்தாவுக்கு இங்கே சிங்கப்பூரில், பிரிட்டிஷாரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. 1954இல், பன்னிரண்டு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி அப்பாவும் இங்கே வந்துவிட்டார். படிப்பு பெரிதாக ஏறவில்லை, அதனால் அதே தளத்தில் வெல்டிங் பழகி உள்ளேயே வேலைக்குச் சேர்ந்தார். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரன் 1971க்குள் கிளம்பப் போகிறேன் என்று அறிவித்ததும் செம்பவாங் முழுக்க ஒரே கலக்கம். தளத்தை நம்பி எத்தனையோ தமிழ், மலையாளக் குடும்பங்கள் இருந்த காலம் அது, குடியுரிமை இல்லாத பலர் கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு மூட்டை கட்டிவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டார், கப்பல் பட்டறையை அரசாங்கம் எடுத்துச் செம்பவாங் ஷிப்யார்ட் ஆக்கியபோது இவருக்கு வேலையும் நிலைத்தது. எல்லாரும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த அதே வருஷத்தில் இவர் ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே ரஜுலாவில் வந்து இறங்கினார். "உனக்குப் பைத்தியமா" என்று கேட்காத ஆள் இல்லையாம்.

அம்மாவுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம், எதிரில் சீனக் குடும்பம், சந்தையில் மீன் வாங்க வேண்டுமென்றாலும் மலாய் வேண்டும். அப்பா சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து அதில் ஒன்று முதல் ஐந்து வரை சத்து, துவா, தீகா, அம்பாட், லீமா என்று தமிழில் எழுதி, "பிராப்பா" (எவ்வளவு), "மஹால்" (விலை அதிகம்), "கூராங் லா" (குறைச்சுக் கொடு) எல்லாம் வரிசையாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். முதல் சில மாதம் லீவு நாளில் கூடவே சந்தைக்குப் போவார், ஆனால் பேச மாட்டார், பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பேரம் பேசுவது அம்மா. அந்தக் காலத்து ஆம்பிளை ஒருத்தர் அப்படி நின்றதைத்தான் நான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன். நான் பிறந்து விவரம் தெரிந்தபோது அம்மாவின் சந்தை மலாய் அப்பாவின் மலாயை விட நன்றாக இருந்தது, அப்பா அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிவார்.

அப்பாவாக எப்படி? சுமார்தான் என்று சொன்னால் அவரே சிரிப்பார். கோபம் சட்டென்று வரும், ரிப்போர்ட் புக்கில் கையெழுத்துப் போடும்போது ஒரு உறுமல் உறுமாமல் போட மாட்டார், காசு விஷயத்தில் மகா கஞ்சம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்னையும் தம்பியையும் செம்பவாங் கடற்கரை ஜெட்டிக்கு நண்டு பிடிக்கக் கூட்டிப் போய்விடுவார். கோழித் தலையைக் கட்டி வலையை இறக்கிவிட்டு, எதிரே தெரியும் ஜொகூர் கரையைப் பார்த்தபடி எந்தக் கப்பலுக்கு எங்கே ஓட்டை அடைத்தேன் என்று கதை விடுவார். பாதி பொய். மலேசியக் கிண்ணக் காற்பந்து என்றால் இன்னும் மோசம். 1977இல் கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என்று அடித்து நாம் ஜெயித்த அன்று எங்கள் வீட்டு டிவி முன்னால் பாதிப் புளோக் உட்கார்ந்திருந்தது, அப்பா ஸ்டூலில் ஏறிக் கத்தியதில் மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். தேய்ந்து போன மனுசன் செய்கிற வேலையா இது?

அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்தபோது அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். நாங்கள் ஆள் வைக்கலாம் என்றோம், வேண்டாம் என்றுவிட்டார். அதுவரை காப்பி கலக்கக்கூடத் தெரியாதவர், டயட்டீஷியனிடம் கேட்டுக் கேட்டுச் சமையல் கற்றுக்கொண்டார். பொட்டாசியம் ஏறக்கூடாது என்று காயைச் சின்னதாக நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பார். வாழைப்பழம், இளநீர், தக்காளி ரசம் எல்லாம் வீட்டை விட்டே போயின. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு பாட்டிலில் அளந்து வைப்பார், ஆனால் அவர் முன்னால் இவர் குடிக்க மாட்டார். தாகம் எடுத்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று குடிப்பார். அம்மாவுக்கு அது தெரியும். "என்னாங்க, திருடன் மாதிரி அங்க என்ன பண்றீங்க, வந்து உக்காந்து குடிங்க" என்று சத்தம் போடுவார். இதைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்புத்தான் வரும், இரண்டு பேரும் அந்தச் சண்டையை ரசித்துத்தான் போட்டார்கள்.

டயாலிசிஸ் நாட்களில் காத்திருக்கும் நேரத்துக்கு அவருக்கு ஒரு தமிழ் முரசு போதும். அம்மா போன பிறகு கண்புரையும் சேர்ந்துகொள்ள, பேப்பர் படிக்க என் மகனைப் பிடித்தார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் மற்ற வீடுகளைப் போலத்தான், இங்கிலீஷில் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்பவை, நான் திட்டித் திட்டி ஓய்ந்திருந்தேன். தாத்தா திட்டவே இல்லை. "எனக்குக் கண்ணு தெரியலப்பா, லிவர்பூல் என்ன ஆச்சுன்னு பாரு" என்று விளையாட்டுப் பக்கத்தை நீட்டுவார். அவன் தட்டுத் தடுமாறிப் படிப்பான், இவர் நடுவில் நிறுத்தி ஆட்டக்காரரைத் திட்டுவார், அவன் சண்டைக்கு வருவான், சண்டை தமிழில் நடக்கும். அவன் தமிழ் வாய்மொழித் தேர்வில் நல்ல மார்க் வாங்கியதற்கு டியூஷன் டீச்சர்தான் காரணம் என்று அவன் அப்பா நம்புகிறார். இருக்கட்டும்.

கடைசியாக அவருடைய ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீல நிற ஃபைல், அலமாரியில் எந்தத் தட்டு என்று எல்லாருக்கும் காட்டி வைத்திருந்தார். ஐசி (அடையாள அட்டை) நகல், வங்கிப் புத்தகம், மூத்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த முன்னோடித் தலைமுறை அட்டை, வீட்டுப் பத்திரம், மசேநிதி (மத்திய சேமநிதி, அதாவது ஓய்வுகாலச் சேமிப்பு) வாரிசு நியமனம் செய்த கடிதம். மசேநிதிப் பணம் உயிலில் சேராது, நியமனம் தனியாகச் செய்ய வேண்டும் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும் (நீங்களும் உங்கள் வீட்டில் இப்போதே கேட்டு வையுங்கள்). மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோகும்போது எந்தச் சட்டை போட வேண்டும் என்றுகூட எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கவரில் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டுகள், பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதி, அம்மாவின் ஐசி எண், எங்கள் பழைய புளோக் எண் என்று எல்லாம் கட்டியிருக்கிறார். வாங்குவதை நிறுத்திவிட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தவர். தம்பி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். ஒன்றுக்கு ஆறுதல் பரிசு விழுந்திருக்கிறது, வாங்க வேண்டிய கெடு முடிந்துவிட்டது.