‘நீயே பார்த்துக் கற்றுக்கொள்’ என்றால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மின்னியல் டிப்ளமோ முடித்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் மூன்று மாதமாக அப்ரண்டிஸாக இருக்கிறேன். சூப்பர்வைசர் எதையும் சொல்லித் தருவதில்லை. கேட்டால், நீயே பார்த்துக் கற்றுக்கொள் என்கிறார். மூத்த எலக்ட்ரீஷியன்களிடம் கேட்டால் எரிச்சல்படுகிறார்கள். இதற்கிடையில், 35,000 ரூபாய் கட்டிப் பி.எல்.சி. (இயந்திரங்களை நிரல்படி இயக்கும் சிறு கணினி) பயிற்சியில் சேர்ந்தால் வேலை உறுதி என்று ஒரு நிறுவனம் அழைக்கிறது. இங்கிருந்து விலகி அதில் சேர்ந்துவிடலாமா?

பதில்: விலக வேண்டாம். உங்கள் சூப்பர்வைசர் சொன்னது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சுதான் என்றாலும், அதற்குள் ஓர் உண்மையும் இருக்கிறது. தானாக வேலை பார்ப்பது என்றால் யாரையும் கேட்காமல் இருப்பது என்று பல பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டுகள் மின்கட்டுப்பாட்டுப் பேனல்களுக்கு முன் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேட்பதற்கு முன் எதுவரை பார்த்துவிட்டு வந்தீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு மோட்டார் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். “அண்ணா, மோட்டார் ஓடலை” என்று நீங்கள் போய் நின்றால், அவர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அதற்குப் பதிலாகப் பச்சைப் பொத்தானை அழுத்தும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டர் ‘டக்’ என்று இழுத்து, விரலை எடுத்ததும் விட்டுவிடுகிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைப் பிடித்து நிறுத்தும் துணைத் தொடர்பை, அதாவது வரைபடத்தில் 13, 14 என்று குறித்திருக்கும் இடத்தை. சத்தமே இல்லையென்றால், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கிறதா, அதாவது துண்டித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரத்தை முறையாகத் துண்டித்து, இல்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு, அந்த ரிலேயின் 95, 96 முனைகளுக்கிடையே மல்ட்டிமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். “அண்ணா, 95க்கும் 96க்கும் நடுவுல கன்டினியூட்டி இல்லை, ஓவர்லோடு விழுந்திருக்கு, ஏன் விழுந்ததுன்னுதான் புரியலை” என்று போய்க் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு சிடுசிடுப்பான மனிதராக இருந்தாலும் நின்று பதில் சொல்வார், ஏனென்றால் நீங்கள் அவருடைய வேலையில் பாதியை முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

ஏன் விழுந்தது என்று கேட்காமல் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு வருபவன் எத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தாலும் எடுபிடியாகவே இருப்பான். மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், ரிலேயின் ஆம்பியர் அளவையே யாராவது தவறாகத் திருப்பி வைத்திருக்கலாம். மோட்டாரை முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் கிளப்பிப் பிறகு முழு அழுத்தத்துக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் பெரும்பாலும் ரிலே மோட்டார் சுருளுக்குச் செல்லும் வழியில் இருக்கும். அப்போது பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியரை அப்படியே வைக்கக் கூடாது. அதில் 58 விழுக்காடுதான் வைக்க வேண்டும். பலகையில் 14 ஆம்பியர் என்றிருந்தால் ரிலேயில் ஏறக்குறைய 8. இதைத் தெரியாமல் 14இல் வைத்து மோட்டாரை எரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த வரைபடம் பேனல் கதவின் உட்புறத்திலேயே ஒட்டப்பட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

ஆகவே, உங்கள் பிரிவில் அதிகமாக நிற்கும் ஏதாவது ஓர் இயந்திரத்தின் வரைபடத்தை நகலெடுத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு பக்கமாகப் படியுங்கள். கூடவே ஒரு நோட்டு வைத்து, எந்த இயந்திரம் எப்படி நின்றது, என்ன அளந்தீர்கள், கடைசியில் எது காரணமாக இருந்தது என்று அன்றன்றே எழுதுங்கள். பயிற்சிப் பதிவேடு என்று ஒன்று தருவார்களே, அதைச் சொல்லவில்லை. கடைசி வாரத்தில் ஒரே பேனாவால் ஓராண்டையும் நிரப்பி, படிக்காமலே கையெழுத்திடப்படும் அந்தப் பதிவேடுகளை நான் கட்டுக்கட்டாகப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

ஒன்றில் மட்டும் நீங்களே பார்த்துக் கற்றுக்கொள்ளவே கூடாது. மின்சாரத்தைத் துண்டிப்பது பொறுப்பாளருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும்; சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, அட்டை மாட்டிய பிறகுதான் பேனலைத் திறக்க வேண்டும். அதிலும் டிரைவ் என்று நாம் சொல்லும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மிகவும் கவனிக்க வேண்டும். 415 வோல்ட்டில் இயங்கும் டிரைவுக்குள் இருக்கும் மின்தேக்கிகளில் ஏறத்தாழ 580 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) நின்றுகொண்டிருக்கும். சுவிட்சை அணைத்தவுடன் அது போய்விடாது. திரை அணைந்துவிட்டதே என்று கை வைக்கவும் கூடாது. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேல்மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைக் காத்திருந்து, பிறகு அளந்து, பூச்சியத்துக்கு அருகில் வந்த பின்னரே தொட வேண்டும். அவசரம் என்று உற்பத்திப் பிரிவிலிருந்து யார் கத்தினாலும் கத்தட்டும். இந்த ஒரு விஷயத்தில் தெரியாது என்று சொல்லி ஒதுங்கி நிற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உங்களைத் தனியாக அனுப்பினால், கூட ஒருவர் வந்தால்தான் போவேன் என்று சொல்லுங்கள். பணியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு நிர்வாகத்துக்குச் சட்டப்படி உண்டு; ஆனால் இழப்பீட்டை வைத்துக்கொண்டு விரலை ஒட்டவைக்க முடியாது.

இனி அந்த 35,000 ரூபாய். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, பயிற்சி கொடுத்த நிறுவனமே முடிவில் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் கிடையாது. அப்படியிருக்க, எந்தத் தொழிற்சாலையும் நடத்தாத ஓர் இடைத்தரகர் வேலையை உறுதி செய்வது எப்படி? நான் விசாரித்தவரை, அந்த உறுதி என்பது இரண்டு மூன்று நேர்காணல்களுக்கு அனுப்பிவைப்பதுதான். அவர்கள் கணினித் திரையில் காட்டப்போகும் பி.எல்.சி. உங்கள் பேனலுக்குள்ளேயே இருக்கிறது. அதன் உள்ளீட்டு விளக்குகளில் எது எப்போது எரிகிறது என்று கதவின் கண்ணாடி வழியாகவே ஒரு வாரம் கவனித்தால் போதும். பி.எல்.சி. கெட்டுவிட்டது என்று எங்களுக்கு வந்த புகார்களில் பல, சென்சாரின் முகத்தில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துருவலில்தான் முடிந்தன.

உங்கள் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டிப்ளமோ, பட்டத் தொழிற்பழகுநர்களுக்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸின் தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை, எனவே பதிவு செய்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். டிப்ளமோ முடித்தவருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாயாக இருந்தது. உற்பத்தி எண்ணிக்கையைக் கணக்கிட்டு உதவித்தொகையைத் தரவும் சட்டம் அனுமதிக்கவில்லை. இவ்வளவு எளிய செய்தியைக்கூடக் கல்லூரியில் ஒரு வகுப்பு எடுத்துச் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள்.

அந்தப் பயிற்சி நிறுவனத்தில் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை வைத்து எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். சரிபார்ப்பதற்கென்று அசல் டிப்ளமோ சான்றிதழைக் கொடுத்திருந்தால், பணத்தை விட்டாலும் பரவாயில்லை, இந்த வாரமே நேரில் போய் அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.