முழங்கால் எலும்பு முறிவு: அந்தத் தொகை போதுமா?

கார் இடித்து முழங்கால் உடைந்ததற்குக் காப்பீட்டு நிறுவனம் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் தருகிறதாம், சரியா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், பிசியோதெரபி, எலும்பைச் சேர்க்க வைத்த தகட்டைப் பின்னாளில் எடுக்க ஆபரேஷன் தேவைப்பட்டால் அந்தச் செலவு, எல்லாமே கணக்கில் வரும். வலியும் கணக்கில் வரும், ஆனால் அதற்குத்தான் பில் கிடையாது. அதனால் என் வழக்கில், படியேற முடியாத நாட்களை ஒரு டைரியில் குறித்து வைத்திருந்தேன். வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான்.

அப்புறம், உங்கள் மீதும் 25 சதவீதத் தவறு என்று முடிவானால், பல நாடுகளில் 100க்கு 75தான் கிடைக்கும். கால் இதற்கு மேல் எவ்வளவு தேறும் என்று டாக்டர் சொல்லும்வரை, அந்தத் தொகையை ஏற்றுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் வழக்குத் தொடரும் கெடு எப்போது முடிகிறது என்பதை இன்றே ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.