மெயின் போட்டை மாற்றுவதற்கு முதல் பியூஸைக் கவனியுங்கள்

குருநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமா கனடாவிலிருந்து கப்பலில் அனுப்பிய பழைய பாலி கம்பனிப் பின்பால் மெஷின் (இரும்புப் பந்தைத் தட்டி விளையாடுகிற பெட்டி), 1970களின் கடைசியில் செய்தது. வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் பெட்டி போட்டுச் சில மாதம் நன்றாக ஓடியதாம். இப்போது சுவிச்சைப் போட்டதும் உள்ளே ஒரு கண்ணாடி பியூஸ் போய்விடுகிறது. பார்க்க வந்தவர் "மெயின் போட் போயிட்டுது, வெளியிலயிருந்து எடுக்க வேணும்" என்று, மெஷினை நடத்துகிற பெரிய சர்க்கிட் பலகையைச் சொல்லி அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீங்க தம்பி. சுவிச்சைப் போட்ட அதே கணத்தில் பியூஸ் போனால் மெயின் போட்டைச் சந்தேகிப்பது கடைசி வேலை. இது தலையிடிக்குத் தலையணை மாற்றுகிற கதை.

ரான்ஸ்போமரோடு ஒட்டி ஒரு சின்ன போட் இருக்கும், பியூஸ்கள் வரிசையாக நிற்கும். முதலில் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள், கழற்றிச் சில நிமிடம் விடுங்கள், ஏனென்றால் புள்ளி காட்டும் கண்ணாடிகளுக்கு 200 வோல்ட்டை ஒட்டிப் போகிறது, கப்பாசிற்றரில் அது கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் அந்தச் சின்ன போட்டிலிருந்து மற்ற இடங்களுக்குப் போகும் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, அதே அளவு புது பியூஸ் போட்டு மெஷினை ஓன் பண்ணுங்கள். அப்பவும் போகிறதா? பழுது அந்தச் சின்ன போட்டிலேயே இருக்கிறது, பெரும்பாலும் ஏசி மின்சாரத்தை டிசி ஆக்குகிற, நான்கு கால் உள்ள பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஷோர்ட்டாகியிருக்கும். திரும்பப் பிளக்கைக் கழற்றி, மீற்றரை டயோட் அளவில் வைத்துப் பிளஸ் காலுக்கும் இரண்டு ஏசி கால்களுக்கும், மைனஸ் காலுக்கும் அதே ஏசி கால்களுக்கும் பாருங்கள். ஒரு திசையில் 0.5 அளவில் காட்டி மறு திசையில் ஒன்றும் காட்டாவிட்டால் நல்லது. இரண்டு திசையிலும் பூச்சியம் என்றால் மாற்றுங்கள். 35 ஆம்ப் பிரிட்ஜ் பற்றரி சார்ஜருக்கும் போடுகிற சாதாரண சாமான், ரவுணுக்குள் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கனடா வரைக்கும் போகத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு. "போட்டதும் போகுது" என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உண்மையில் இரண்டு மூன்று விநாடி கழித்தா என்று காது கொடுத்துக் கேளுங்கள். "டக்" என்று ஏதோ ஒன்று இழுத்து, ஒரு உறுமல் வந்து, பிறகுதான் பியூஸ் போகிறது என்றால் கதையே வேறு. பந்தைத் தட்டுகிற காந்தக் கொயில் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதை ஓட்டுகிற ட்ரான்சிஸ்ரர் ஷோர்ட். பிளக்கைக் கழற்றி, பந்து ஓடுகிற மேல்பலகையைத் தூக்கி, கையால் தொட்டுப் பார்த்தால் எந்தக் கொயில் சூடு என்று தெரியும், சிலவேளை மணமே காட்டிக்கொடுக்கும். அதன் ஒரு வயரைக் கழற்றிக் காப்புச் சுற்றிவிட்டுப் பார்த்தால் மெஷின் உயிர்வரும். அதற்கு மேல் போட்டில் கை வைப்பது ஈயம் வைத்துப் பழகினவரின் வேலை. கொயிலை மட்டும் மாற்றினால் புதுக் கொயிலும் வெந்துவிடும், கடைக்காரருக்கு அது சந்தோஷம்தான்.

இனி எனக்கு எரிச்சல் வருகிற இடம். பியூஸ் போகப் போக சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிவிட்டு "இனிப் போகாது" என்பவரை வீட்டுக்குள் விடாதீங்க. பியூஸ் போகாது, ரான்ஸ்போமர் போகும். அதை இங்கே எவரிடம் சுற்றக் கொடுப்பது? வெளியில் எடுப்பித்தால் சின்னப் பொதிக்கு இத்தனை படிவம், இத்தனை கையெழுத்து, மெஷினின் விலையைவிட அலைச்சல் கூட. "போட்டைக் கொண்டுபோய்க் காட்டிட்டு வாறன்" என்று எடுத்துப் போகிறவரிடமும் கவனம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் படம் எடுத்து, மூலையில் அடையாளம் போட்டுக் கொடுங்கள்.

ஸ்டெப்டவுன் பெட்டியில் 1000 வாட்ஸ் என்று ஒட்டியிருப்பதை நம்பாதீங்க, தூக்கிப் பாருங்கள், பஞ்சு போல இருந்தால் பொய். உள் பியூஸ் மட்டும் போவதால் இந்தத் தடவை அதில் பிழையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக, உங்கள் பக்கம் கடற்காற்று. கனெக்டர் ஊசிகள் பச்சை பிடித்தோ பழுப்பாகக் கருகியோ இருந்தால் மாற்றுங்கள். மெயின் போட்டில் 3.6 வோல்ட் பற்றரி இன்னும் இருந்தால், அது கசிகிறதோ இல்லையோ, இன்றைக்கே வெட்டி எடுங்கள். அந்த போட் உண்மையில் சாவது அதனால்தான்.