வீட்டுக் கடன் நோட்டீஸ் வந்துவிட்டது, வீடு ஏலத்துக்குப் போய்விடுமா?

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வங்கியில் 22 லட்சம் வீட்டுக் கடன் வாங்கி, திருப்பூரில் வீடு கட்டினோம். அவருக்கு வேலை போனதில் ஐந்து மாதமாகத் தவணை நின்றுவிட்டது. மொத்த பாக்கி 19 லட்சத்தையும் 60 நாளில் கட்டச் சொல்லி அவர் பேருக்குப் பதிவுத் தபால் வந்திருக்கிறது. "உன் பேருக்கு வருவதை வாங்காதே, சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிடலாம்" என்கிறார் கொழுந்தனார். சரியா?

பதில்: தபாலை வாங்கிக்கொள்ளுங்கள், சகோதரி. வாங்க மறுத்தால் வாசல் கதவில் ஒட்டுவார்கள், பத்திரிகையிலும் போடுவார்கள். நாள் எப்படியும் ஓடும். கூடவே தெருவுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிடும்.

வந்திருப்பது 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ். இந்தச் சட்டப்படி வங்கி கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டை ஏலம் விடலாம். சிவில் கோர்ட் இதில் தலையிட 34ஆவது பிரிவு தடை போடுகிறது. அங்கே வழக்குப் போட்டால் பணமும் மாதங்களும்தான் போகும்.

நோட்டீஸை எடுத்து நிதானமாகப் பாருங்கள். கணக்கு எந்தத் தேதியில் வாராக்கடன் ஆனது என்று எழுதியிருக்கும். முதல் தவணை தவறியதிலிருந்து 90 நாளைத் தாண்டிய பிறகே அப்படி அறிவிக்க முடியும். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். சர்வே எண், நான்கெல்லை, பாக்கித் தொகை எல்லாவற்றையும் சரிபாருங்கள். தாமதத்துக்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி அதை அனுமதிப்பதில்லை.

கண்டதையெல்லாம் ஆட்சேபணையாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, 60 நாளுக்குள் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்தக் கடிதத்தை எழுதாமலேயே வருகிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். பின்னால் வழக்கு நடத்தும்போது கையில் இருக்கும் நல்ல ஆயுதமே அதுதான்.

இன்னொன்று, நோட்டீஸ் 19 லட்சம் கேட்டாலும், நின்றுபோன தவணைகளை வட்டியோடு முழுசாகக் கட்டினால் கணக்கு வாராக்கடன் பட்டியலிலிருந்து வெளியே வர வழி உண்டு. ஒரு தவணை, இரண்டு தவணை கட்டினால் போதாது. கிளை மேலாளரிடம் பேசி, அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.

60 நாள் கடந்தால் 13(4) பிரிவில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டுவார்கள். முதலில் காகிதத்தில் மட்டும்தான் சுவாதீனம். நீங்கள் வீட்டிலேயே இருப்பீர்கள். ஆளை வெளியேற்ற வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி உத்தரவு வாங்கிக்கொண்டு வரும். உங்கள் வழக்கு தொடங்குவதும் இந்தக் கட்டத்தில்தான். 13(2) நோட்டீஸை எதிர்த்து மட்டும் வழக்குப் போட முடியாது. சுவாதீன நோட்டீஸிலிருந்து 45 நாளுக்குள் கோவையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17ஆவது பிரிவில் மனுப் போடலாம்.

மொத்தப் பாக்கியையும் செலவோடு கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு வரைதான். முன்பு விற்பனை நாள் வரை இருந்த வாய்ப்பை 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இப்படிச் சுருக்கிவிட்டது. "ஏலத் தேதிக்குள் புரட்டிவிடலாம்" என்று இருந்து வீட்டை இழந்தவர்கள் உண்டு.

கட்ட வழியே இல்லையென்றால், வங்கியின் எழுத்துச் சம்மதத்தோடு நீங்களே விற்கப் பாருங்கள். சம்மதம் இல்லாமல் இப்போது விற்கக் கூடாது. ஏலத்தில் வெளி விலை கிடைப்பது அபூர்வம். ஏலத்துக்கே போனாலும், கடனும் செலவும் போக மிச்சப் பணம் உங்களுக்குத்தான், கேட்டு வாங்குங்கள்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்தால் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். நாளைக் காலை முதல் வேலையாக, கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட் கேட்டு வங்கியில் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.