ஸ்டிக்கர் ஸ்டாம்புகளைக் கவரிலிருந்து கிழியாமல் எடுப்பது எப்படி?

ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தும் ஸ்டாம்ப் வரவில்லை, இன்னும் எவ்வளவு நேரம் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் அசையாத ஸ்டிக்கர் ஸ்டாம்ப் அதற்கு மேல் எத்தனை நாள் கிடந்தாலும் அசையாது. காகிதம்தான் கூழாகும்.

எல்லாம் பசை செய்யும் வேலை. நனைத்து ஒட்டும் பழைய ஸ்டாம்புகளின் பின்னால் பிசின், டெக்ஸ்ட்ரின் என்று தண்ணீரில் கரையும் சரக்கு இருந்தது. ஸ்டிக்கர் வகையில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் பசை. தண்ணீரை அது மதிக்காது. சேகரிப்பவர்களை மனதில் வைத்துச் சில நாடுகள் தாளுக்கும் பசைக்கும் நடுவே தண்ணீரில் கரையும் பூச்சு ஒன்றைக் கொடுத்தன. அப்படிப்பட்டவை வெதுவெதுப்பான தண்ணீரில் பசையைக் கவரிலேயே விட்டுவிட்டு நழுவி வந்துவிடும். 1990-களின் அமெரிக்க ஸ்டாம்புகள் பலவும் இந்த ரகம். 2000-களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்தவற்றில் நிறைய, அந்தப் பூச்சு இல்லாதவை. பிரிட்டனில் 2009 முதல் வந்த, ராணியின் முகம் போட்ட அன்றாட ஸ்டாம்புகள் இன்னும் வம்பு. மறுபடி ஒட்டி ஏமாற்றக் கூடாது என்றே அவற்றில் வளைவான வெட்டுகள் போட்டிருக்கிறார்கள். பிய்த்தால் அந்த இடம் மட்டும் கவரோடு தங்கிவிடும்.

ஆகவே தண்ணீரை முதலில் முயல்வதில் தப்பில்லை, அதே வரிசையில் உங்களிடம் இரண்டாவது பிரதி இருந்தால். சிவப்பு, பச்சை, காக்கி நிறக் கவர் என்றால் வெந்நீர் பக்கமே போகாதீர்கள். கவரின் சாயம் ஸ்டாம்பில் ஏறிவிட்டால் திரும்பப் போகாது.

தண்ணீர் கைகொடுக்காதபோது சேகரிப்பவர்கள் எடுப்பது கரைப்பான். சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம், ஹெப்டேன், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த சிட்ரஸ் ஸ்ப்ரே ஆகிய மூன்றும்தான் அதிகம் புழக்கத்தில் உள்ளவை. முதல் இரண்டும் சட்டென்று ஆவியாகிவிடும், கறை வைக்காது. ஆனால் தீப்பிடிக்கும், அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே தவழ்ந்து போய் எட்ட இருக்கும் நெருப்பைத் தொடும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்கு எதுவும் எரியாத இடத்தில் செய்யுங்கள். சிட்ரஸ் ஸ்ப்ரேயும் பற்றக்கூடியதுதான். அதில் ‘இயற்கை’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. மணமூட்டிகள் கலக்காத, சுத்தமான சிட்ரஸ் எண்ணெயாக இருக்க வேண்டும். நகப்பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அசிட்டோன் அச்சு மையையும் சேர்த்துக் கரைக்கும்.

ஸ்டாம்பைச் சுற்றி ஒரு விரல் அளவு விட்டுக் கவரை வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப் முகம் கீழே இருக்கும்படி வைத்து, காகிதத்தின் பின்பக்கத்தில் கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காகிதம் எண்ணெய்த்தாள் மாதிரி ஆகி ஸ்டாம்பின் ஓரம் நிழலாகத் தெரிந்தால் பசை வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். இழுக்க வேண்டியது ஸ்டாம்பை இல்லை, காகிதத்தை. ஸ்டாம்ப் மேசையில் தட்டையாகக் கிடக்கட்டும். ஒரு மூலையில் காகிதத்தை மட்டும் பின்னுக்கு மடக்கி மெதுவாக உருட்டியபடி வாருங்கள். ஸ்டாம்பை இழுத்தால் சுருண்டுகொள்ளும், ஓரத்துப் பற்கள் போகும், நடுவில் மடிப்பு விழும். எங்கே பிடிக்கிறதோ அங்கே இன்னும் ஒரு சொட்டு. லைட்டர் திரவம் காய்ந்தால் பசை மறுபடி பிடித்துக்கொள்ளும், அதனால் நிதானம் வேண்டும், சுணக்கம் கூடாது.

கையில் வந்த ஸ்டாம்பின் முதுகு இன்னும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். வாசனையில்லாத டால்கம் பவுடரை மென்மையான தூரிகையால் தடவி, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் ஆல்பத்தில் வைத்தால் ஸ்டாம்ப் ஆல்பத்துக்குச் சொந்தமாகிவிடும்.

கிராவ்யூர் (குழிவாகச் செதுக்கிய உருளையில் மை நிரப்பி அச்சிடுவது) முறையில் அச்சான சில ஸ்டாம்புகளின் மை இந்தத் திரவங்களில் கலங்கும். அதனால் எந்த வரிசையானாலும் முதலில் அழுக்கான, கிழிந்த பிரதி ஒன்றில் சோதித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், பாதிக்கு மேற்பட்ட ஸ்டாம்புகளுக்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை. சுற்றிலும் சீரான ஓரம் விட்டு, காகிதத்தோடு வெட்டி அப்படியே வைத்துக்கொள்வேன். தபால் ஆபீஸில் குத்திய முத்திரை தெளிவாக இருந்தால் முத்திரை முழுதும் அடங்கும்படி வெட்டுங்கள். ஊரும் தேதியும் தெரிகிற துண்டு தனி ஸ்டாம்பைவிடச் சுவாரஸ்யமானது. பழைய கவர், அரிய முத்திரை என்றால் கத்தரிக்கோலையே எடுக்காதீர்கள், முழுக் கவராக வையுங்கள்.

கழற்றினால் நெடுநாள் நிற்குமா என்றால், பசையைப் பொறுத்தது. அமெரிக்காவின் முதல் ஸ்டிக்கர் ஸ்டாம்ப் 1974-ல் கிறிஸ்துமஸுக்கு வந்த 10 சென்ட் புறா. அதன் பசையே தாளுக்குள் ஊறி, கவரில் ஒட்டாத பிரதிகளைக்கூடப் பழுப்பாக்கிவிட்டது. பிறகு வந்த பசைகள் எவ்வளவோ தேவலாம். பயன்படுத்தாத ஸ்டிக்கர் ஸ்டாம்புகளை மட்டும் அதன் வழவழப்பான பின்தாளிலிருந்து உரிக்காதீர்கள். உரித்தால் பிசுபிசுக்கும் முதுகோடு நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும், அது புதிது என்ற மதிப்பும் போய்விடும்.