வயிற்றுக்கு ஹிப்னோதெரபியா?

கேள்வி: எனக்கு வயது 34. கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு வருடமாக வயிற்றுத் தொல்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் மூன்று, நான்கு முறை கழிவறைக்குப் போகவேண்டியிருக்கிறது. பஸ்ஸில் ஏறினாலே வயிறு பிசைகிறது. எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் தொல்லை) என்றார்கள். மருந்தை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாஸிஸ் மூலம் சிகிச்சை, செய்து பார்க்கலாம் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். கணவரோ, "வசியமெல்லாம் வேண்டாம், நினைவு திரும்பாமல் போய்விட்டால் என்ன செய்வது?" என்று பயப்படுகிறார். இங்கே ஒரு மையத்தில், மூன்றே சிட்டிங்கில் குணமாக்குவோம், முற்பிறவி வரை போய்ப் பார்ப்போம் என்கிறார்கள். போகலாமா?

பதில்: அந்த மையத்துக்குப் போகவேண்டாம். ஆனால் உங்கள் டாக்டர் சொன்னது நல்ல யோசனை, அதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் உங்கள் கணவரின் பயம். ஹிப்னாஸிஸ் தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், 1840-களில், தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து இந்தப் பெயரைப் பரப்பினார். சில வருடங்களிலேயே அது பொருத்தமில்லை என்று உணர்ந்து வேறு பெயர் வைத்துப் பார்த்தார். பழைய பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரால் வந்த பயமும் நிலைத்துவிட்டது.

உண்மையில் அது ஆழ்ந்த கவனம். நல்ல சினிமா பார்க்கிறீர்கள். நடிப்பு என்று தெரியும். ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து போனதுகூடத் தெரிவதில்லை. ஆனால் "தீ" என்று யாராவது கத்தினால் உடனே எழுந்து ஓடுவீர்கள். சிகிச்சை அறையிலும் அப்படித்தான். டாக்டர் பேசுவது காதில் விழும். பிடிக்கவில்லையென்றால் கண்ணைத் திறந்துவிடலாம். சொல்ல விரும்பாத ரகசியம் தானாக வாயிலிருந்து கொட்டிவிடாது. நடுவில் டாக்டர் எழுந்து போய்விட்டால்கூட, நீங்களாகவே கண் விழிப்பீர்கள், அல்லது சற்றுத் தூங்கி எழுவீர்கள். அவ்வளவுதான்.

சரி, பேச்சால் குடல் எப்படி அடங்கும்? இந்த வரியைப் படிக்கும்போது, கிளிமூக்கு மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி உங்கள் முன்னால் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எச்சில் ஊறுகிறதல்லவா? எதிரில் மாங்காய் இல்லை, ஆனாலும் எச்சில் சுரப்பி வேலை செய்துவிட்டது. மூளைக்கும் வயிற்றுக்கும் நடுவே நரம்புகள் வழியாக ஓயாமல் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. ஐ.பி.எஸ்.-இல் அந்தப் பேச்சின் சத்தம்தான் கூடிப்போகிறது. மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்துக் காற்று ஏற்றிச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு லேசான அழுத்தமாகத் தெரியும் அளவிலேயே ஐ.பி.எஸ். உள்ள பலருக்கு வலிக்கும். ஹிப்னோதெரபிக்குப் பிறகு, அப்படி அதிகக் கூச்சம் இருந்தவர்களிடம் அது இயல்பான அளவை நோக்கி இறங்குவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் வலி கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்கோப்பில் தெரியாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவே.

இந்தச் சிகிச்சைக்கு முதல் நல்ல சான்று கிடைத்ததும் மான்செஸ்டரில்தான். எந்த மருந்துக்கும் கேட்காத 30 ஐ.பி.எஸ். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, பீட்டர் வோர்வெல் குழு 1984-இல் ஆய்வை வெளியிட்டது. ஹிப்னோதெரபி பெற்றவர்கள் மற்றவர்களைவிட மிகத் தெளிவாக முன்னேறினார்கள். மருந்து கொடுத்து 12 மாதமாகியும் பலனில்லாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று 2008-இல் பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலிலேயே எழுதிவிட்டார்கள்.

ஆனால் எல்லோருக்கும் கேட்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். நெதர்லாந்தில் 350-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், குழுவாக இல்லாமல் ஒவ்வொருவராக ஹிப்னோதெரபி பெற்றவர்களில் நூற்றுக்கு சுமார் 40 பேருக்குத் திருப்தியான நிவாரணம் கிடைத்தது. விளக்கமும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் சுமார் 17 பேர். பாதிக்கு மேல் பேருக்கு அந்த அளவு நிவாரணம் வரவில்லை என்பதும் இதற்குள் இருக்கிறது. ஆறு வருடம் பஸ்ஸுக்குப் பயந்து வாழ்ந்த ஒருவருக்கு, இவ்வளவு வாய்ப்பாவது இருக்கிறதே என்றுதான் நான் பார்க்கிறேன்.

சிட்டிங் எப்படி இருக்கும்? மான்செஸ்டர் முறையில் வாரம் ஒன்றாக 12 வரை. மூச்சைக் கவனித்து உடலைத் தளர்த்துவதில் தொடங்கும். பிறகு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கையின் வெதுவெதுப்பு உள்ளே இறங்கிக் குடலைத் தளர்த்துவதாக உணரவேண்டும். அப்புறம் ஆற்றைக் கற்பனை செய்வது. குடல் உங்களுக்கு இப்போது கரையை உடைத்து ஓடும் வெள்ளம். அதை நிதானமாக ஓடும் ஆறாக மனதில் மாற்றிக்காட்டப் பழகுகிறீர்கள். கும்பகோணத்துக்காரருக்கு ஆறு, மதகு, வாய்க்கால் எல்லாம் விளக்கவேண்டியதில்லை. இது உங்கள் தாய்மொழியில் நடக்கவேண்டும். ஆங்கில ஒலிப்பதிவைக் கேட்டுப் பலனில்லை என்று சொல்பவர்களிடம், தமிழில் செய்து பாருங்கள் என்று நான் முதலில் சொல்வதுண்டு. வீட்டில் தினமும் பயிற்சி செய்யவேண்டும், அதை விட்டால் வேலை நடக்காது.

வயிற்றைத் தவிர, அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பதற்றம், சிகிச்சை நேர வலி, குழந்தைகளின் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி ஆகியவற்றிலும் இது உதவுகிறது. பெல்ஜியத்தின் லியேஜ் நகர மருத்துவமனையில் 1992 முதல், சில அறுவைச் சிகிச்சைகளை முழு மயக்கம் கொடுக்காமல், ஹிப்னாஸிஸுடன் மரப்பு ஊசியும் லேசான மருந்தும் சேர்த்துச் செய்கிறார்கள். புகைப்பழக்கத்தை விட இது பெரிதாகக் கைகொடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சைக்கோசிஸ், ஸ்கிசோஃப்ரினியா போன்ற தீவிர மனநோய் இருந்தவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

முற்பிறவிக் கதைக்கு வருகிறேன். ஆழ்ந்த கவனத்தில் இருக்கும் மனம் சொன்னதைப் படமாக்கிக்கொள்ளும். சிகிச்சைக்கு உதவுவது அந்தத் திறன்தான். அதே திறனால், நடக்காத ஒன்று நடந்ததாக நினைவில் உருவாகிவிடும். அப்படி உருவான பொய் நினைவால் தன் சொந்தக் குடும்பத்தையே சந்தேகிப்பவர்கள் உண்டு. வயிற்றுக்கு வந்தவரிடம் முற்பிறவி பேசுகிற இடத்தில் கால் வைக்காதீர்கள். மனநல மருத்துவர், அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுசெய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அவர்களிலும் ஹிப்னாஸிஸ் பயிற்சி பெற்றவர் யார் என்று உங்கள் குடல் நோய் மருத்துவரிடமே கேளுங்கள்.

மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம். மலத்தில் ரத்தம், எடை குறைவது, ரத்தசோகை, விடாத காய்ச்சல், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இதில் எது புதிதாக வந்தாலும் சிட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பரிசோதனைக்குப் போங்கள். நம் ஊரில் குடல் காசநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கலாம்.

முதல் நாள் உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிகிச்சை தருபவர் சம்மதித்தால் அறையிலேயே உட்காரட்டும். தன் மனைவி கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து, அரைமணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதை அவர் நேரில் பார்க்கட்டும்.