ஊறுகாயைத் தடுப்பவர்கள் கத்தியையும் பிடிப்பார்களா?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போகிறேன். மாங்காய் ஊறுகாயைக் கைப்பையில் கொண்டுபோகலாமா? இன்னொன்று: இந்திய விமான நிலையங்களில் துப்பாக்கியோடு மத்தியப் படையினர் நின்று சோதிக்கிறார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கம்பெனிச் சீருடை. இவர்களை நம்பலாமா என்று அண்ணன் கேட்கிறார். (வாசகி, ஈசூன்)

பதில்: முதலில் ஊறுகாய். எண்ணெயில் ஊறுவதால் அதுவும் திரவக் கணக்குதான். பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருந்தால், பாதி காலியானாலும் கைப்பையில் விடமாட்டார்கள். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் சோதனை நடப்பது விமானம் ஏறும் கேட்டில். அதற்குள் பெரிய பெட்டி போயிருக்கும். அதனால் வீட்டிலேயே இரண்டு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

அண்ணனின் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் சீருடையைப் பார்த்து விடை சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் வரை விமான நிறுவனங்கள் அமர்த்திய தனியார் ஆட்கள்தான் சோதித்தார்கள். சம்பளம் சொற்பம். பெரிய நிலையங்களில் வருடத்துக்குள் மொத்த ஆட்களும் மாறிவிடும் அளவுக்கு வேலையை விட்டுப் போனார்கள். அதோடு, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த கத்திக்கு அன்று விதியே இடம் கொடுத்தது. அப்புறம் அரசே சோதனையை எடுத்துக்கொண்டது. 2015ல் அங்கே ரகசியமாகச் சோதித்துப் பார்த்தபோது 70 முயற்சிகளில் 67 முறை போலி ஆயுதங்களும் வெடிபொருள்களும் உள்ளே போய்விட்டன. அந்த முறை நின்றவர்கள் அரசு ஊழியர்கள்.

இந்தியாவில் 1999 டிசம்பர் விமானக் கடத்தலுக்குப் பிறகு, 2000லிருந்து மத்தியப் படை ஒவ்வொரு நிலையமாகப் பொறுப்பேற்றது. சாங்கியில் பாதுகாப்பு வேலை பார்க்கும் செர்டிஸ் நிறுவனம், 1972ல் அரசு அமைப்பாகத் தொடங்கிய பழைய சிஸ்கோதான். விமான நிலையப் போலீஸ் பிரிவு தனியாக இருக்கிறது.

உண்மையில் எல்லாமே அந்த எக்ஸ்ரே திரை முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் இருக்கிறது. நாள் முழுக்க ஆரஞ்சு, பச்சை, நீலமாகப் பைகள் நகர்கின்றன. சார்ஜர் வயர், சாப்பாட்டு டப்பா, குடை. ஆயிரம் பையில் ஒன்றுமே இல்லாதபோது ஆயிரத்தோராவது பையைப் பார்க்கும் கண் தளர்ந்துவிடும். இதற்காகவே ஐரோப்பிய விதியில், ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் பொதுவாகத் திரையைப் பார்க்கக் கூடாது. பல நாடுகளில் எந்திரமே இடையிடையே பொய்யான துப்பாக்கிப் படத்தைப் பைக்குள் காட்டிப் பார்க்கும். கவனித்தாரா, விட்டுவிட்டாரா என்று பதிவாகும்.

என் கருத்தைக் கேட்டால், தனியார் செய்யட்டும், அரசு செய்யட்டும். ஆனால் சோதிப்பவரே தன் வேலைக்கு மதிப்பெண் போடக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் சொல்லாமல் வந்து சோதித்துப் பார்க்க வேண்டும். திரை முன் இருப்பவருக்கு ஓய்வும் நல்ல சம்பளமும் வேண்டும். சாங்கியோ திருச்சியோ, அண்ணன் கேட்க வேண்டியது இதைத்தான்.

அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். பையை மறுபடி பெல்ட்டில் விட்டால் பதற வேண்டாம். எவர்சில்வர் டப்பாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று திரையில் தெரியாது. அதைத் திருப்பி வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.